கேத்தலுடன் கதவோரம் நிற்பவர்

எங்கள் அன்பு அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று அச்சகக்கார அண்ணை மாதிரிக்கு மூன்று பழைய நினைவு மலர்களை என் கையில் தந்தார். மூன்றிலும் ஒரே வசனங்கள். மூன்றிலும் இறந்தவர் சிரித்த முகத்துக்காரர், ஒருவரையும் கடிந்து பேசாதவர். எங்கள் அக்கா கடிந்து பேசுவார். நன்றாகவே பேசுவார். இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப்பேருக்காவது அவரிடம் ஏச்சு விழுந்திருக்கும். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். குறை நினைக்காதீர்கள்; நினைத்தாலும் பரவாயில்லை.

அக்கா கொக்குவிலில், தபாற்கந்தோரில் வேலை செய்த எங்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அடுத்தது நான். அப்பா வேளைக்கே போய்விட்டார். அக்கா தட்டெழுத்துப் படித்து, ரைப்பிஸ்ட் வேலை எடுத்து, என்னைப் படிப்பித்தார். நான் படித்தேன் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. பின்னர் அத்தானைக் கைப்பிடித்து, நாட்டுப் பிரச்சினை முற்றிய காலத்தில் இருவருமாக மொன்றியல் வந்து சேர்ந்தார்கள். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், மூன்றாம் மாடியில் ஒரு வீடு. கடைசிவரை அதே வீடுதான். என்னை ஸ்பொன்சர் பண்ணி எடுத்ததும் அந்த வீட்டுக்குத்தான். இறங்கிய முதல் நாளே எனக்குப் பனிச்சப்பாத்துக் கட்டத் தெரியவில்லை என்று வாசலில் வைத்து ஏசினார்.

ஊரில் மணிக்கணக்காக ரைப் அடித்த அக்காவுக்கு இங்கே கிடைத்தது ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் நிலம் துடைக்கும் வேலை. அதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. அங்கே ஒருநாள் நடைபாதையில் பெட்டிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஒரு பெண் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்திருக்கிறார். சுற்றிவரக் கிழிந்த சுவரொட்டிகள், கையால் அச்சடித்த பத்திரிகைகள், பழுப்பேறிய படங்கள். அக்கா துடைப்பத்தோடு நின்று, "இதையெல்லாம் எறியவோ?" என்று கேட்டாராம்.

அந்தப் பெண்தான் பேராசிரியர் ரோசா. மெக்சிகோ வழிவந்து அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர். அந்த மக்கள் தங்களைச் சிக்கானோ என்று சொல்லிக்கொள்வார்கள். ரோசாவின் தகப்பன் திராட்சைத் தோட்டத்தில் பழம் பிடுங்கியவர். தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது ஒட்டிய சுவரொட்டிகள், பள்ளிக்கூடத்துச் சுவர்களில் பெரிய ஓவியம் தீட்டுவதற்கு முன் கீறிப்பார்த்த தாள்கள், கவிதைகள், மாதாகோவில் விருந்து நோட்டீசுகள், எல்லாவற்றையும் அந்த மனிதர் சேர்த்து வைத்திருந்தார். மொன்றியலுக்குக் கற்பிக்க வந்த மகள் அவற்றையும் கட்டிக்கொண்டு வந்து, நூலகத்தின் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்த அக்கா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "தோட்டத்திலை பழம் புடுங்கின சனத்தின்ரை கடதாசியைப் பெட்டி போட்டு, நம்பர் போட்டு வைக்கினமடா. நாங்கள் எங்கட கடதாசியை என்ன செய்யிறம்? வடை சுத்துறம்!"

நான் அப்போது வடைதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சுற்றியிருந்த தாள் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் முதலாவது கலைவிழா நோட்டீஸ். அக்கா அதை என் கையிலிருந்து பறித்து, எண்ணெயை ஒற்றி எடுத்து, அத்தானின் அகராதிக்குள் வைத்து அழுத்தினார். அந்த எண்ணெய்க் கறையோடு அது இன்றைக்கும் முதலாம் பெட்டியில் இருக்கிறது.

ரோசாவே பேசி அக்காவைக் காப்பகத்தில் உதவியாளராக எடுப்பித்தார். பதினெட்டு வருடம் அக்கா அந்தச் சிக்கானோப் பெட்டிகளோடு இருந்தார். கம்பிக் கிளிப்புகளைப் பல் பிடுங்குகிறவர்போல ஒவ்வொன்றாகக் கழற்றினார். படங்களின் பின்னால் பென்சிலால் மட்டும் எழுதினார். பெயர் தெரியாத முகம் என்றால் அக்காவுக்குப் பொறுக்காது. அந்தந்த ஊர் மாதாகோவில்களுக்கும், தொழிலாளர் குடும்பங்களுக்கும் தன் ரைப்பிஸ்ட் ஆங்கிலத்தில் கடிதம் எழுதி எழுதிக் கேட்பார். "மூன்றாம் வரிசையில் தொப்பியோடு நிற்பவர் யார்?" மூன்று மாதம் கழித்துப் பதில் வரும். அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் பாயாசம். முன்பின் அறியாத திராட்சைத் தோட்டத்துக்காரன் ஒருவனுக்குப் பெயர் கிடைத்ததற்காக நாங்கள் பாயாசம் குடித்திருக்கிறோம். விசர், பைத்தியம் என்றுதான் நானும் நினைத்தேன்.

கூடவே எங்கள் கடதாசிகளையும் சேர்க்கத் தொடங்கினார். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடந்த முதல் பொங்கலின் படங்கள், தமிழ்ப் பள்ளிக்கூட வரவு இடாப்புகள், நாடக நோட்டீசுகள், கையெழுத்துச் சஞ்சிகை, சங்கக் கூட்டக் குறிப்புகள், கசெற்றுகள், இப்படியான நினைவு மலர்கள். வீட்டின் மூன்றாவது அறை நிரம்பியது. அத்தான் சாப்பாட்டு மேசையில் ஒரு மூலைக்கு ஒதுங்கினார். ஒரு வார்த்தை சொன்னதில்லை, நல்ல மனிதர். அவரும் போய் ஐந்து வருடமாகிறது. மொத்தம் நாற்பத்தொரு பெட்டிகள்.

இனித்தான் எனக்கு எரிச்சல் வரும் பகுதி.

நம்மவர்களிடம் ஒரு படத்தை வாங்குவதற்குள் அக்காவின் உயிர் போய்விடும். "பேந்து பாப்பம்" என்பார்கள். அந்தப் பேந்து, அந்தப் பிறகு, வருவதே இல்லை. பக்கத்து நகரான லவாலில் ஒரு வீட்டில் மூன்று தடவை தேத்தண்ணீர் குடித்துவிட்டு வெறுங்கையோடு வந்தோம். நாலாவது தடவை போனபோது வீடு மாறுகையில் எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அக்கா காரில் ஏறி, தன் கொப்பியில் அந்த வீட்டைப் பென்சிலால் வெட்டிவிட்டார்.

சிலர் பயத்தில் தரவில்லை. அகதிக் கேஸில் என்ன சொன்னோம், எந்தப் பெயரில் வந்தோம் என்ற பயம். அதை அக்கா மதித்தார். "அந்தப் பயம் நியாயமானது. உறையிலை போட்டு ஒட்டி, அவையின்ரை காலத்துக்குப் பிறகு திறக்கச் சொல்லி எழுதலாம்" என்பார். அக்காவுக்குக் கோபம் வந்தது பயந்தவர்களிடம் இல்லை. படத்தைத் தந்துவிட்டு, "இதில் நிற்பவர்கள் யார்?" என்று கேட்டால், "எங்கட ஆக்கள்தான்" என்று சொன்னவர்களிடம்தான்.

நினைவு மலர்களின் கடைசிப் பக்கத்தைக் கண்டாலும் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். உங்களுக்குத் தெரியும், அங்கேதான் நன்றி சொல்வோம். உணவு தந்தவர்கள், மலர்வளையம் வைத்தவர்கள், தொலைபேசியில் ஆறுதல் சொன்னவர்கள் அனைவருக்கும் நன்றி. ஒருவர் பெயரும் இராது. ஒருவரைப் போட்டு ஒருவரை விட்டால் மனஸ்தாபம் வந்துவிடும் என்று எல்லோரையும் விட்டுவிடுவோம். அக்கா ஒரு மலரை என் முகத்துக்கு நேரே ஆட்டிக் கேட்டார்: "அனைவரும் எண்டால் ஆரடா? சமைச்சவளுக்குப் பேர் இல்லையோ? பாடையைத் தூக்கினவனுக்குப் பேர் இல்லையோ?"

அக்காவுக்குச் சுகமில்லாமற் போனது போன வருடம் மாசியில். ஈரலில் வந்தது, கண்டுபிடித்தபோது பிந்திவிட்டது. ஆசுப்பத்திரியில் இருந்த நாட்களில் அக்காவைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று நான் ஒரு வேலை செய்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. கையெழுத்துச் சஞ்சிகையின் முதல் ஆறு இதழ்களையும் எடுத்துக்கொண்டுபோய், தாள் தாளாகப் பிரித்து, பிளாஸ்டிக் ஒட்டி லமினேற் பண்ணுவித்தேன். நம்முடைய வீடுகளில் பிறப்புச் சான்றிதழிலிருந்து சாமிப் படம்வரை லமினேற் பண்ணித்தானே வைத்திருக்கிறோம். நனையாது, கிழியாது, பளபளவென்று இருக்கும். கட்டிலருகே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்கா ஒரு தாளை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "வடிவாயிருக்கடா தம்பி" என்றார். என்னை ஏசாமல் விட்டது அன்றைக்கு மட்டும்தான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

செத்தவீடு முடிந்த பிறகுதான் மருமகள் ஆரணி சொன்னாள். ஆரணி அக்காவின் ஒரே மகள். அஹுன்ட்சிக்கில் இருக்கிறாள், ஒரு சமூக நிலையத்தில் வேலை. "மாமா, லமினேற் பண்ணினால் பேந்து ஒண்டும் செய்யேலாது. சூட்டிலை பிளாஸ்டிக் ஒட்டிப்போடும், உள்ளுக்கை மை அழியும், உரிச்சால் கடதாசியும் சேந்து வரும். காப்பகங்கள் எடுக்காது. மாமாவுக்குச் சொல்லவேண்டாம் எண்டு அம்மா சொன்னவ."

"பேந்தேன் பிள்ளை இப்ப சொல்லுறாய்?"

"மிச்சத்தையும் லமினேற் பண்ணிப்போடுவியள் எண்டுதான்."

அந்த ஆறு இதழ்களுக்கும் வேறு பிரதி கிடையாது. அவற்றை எழுதியவர்களில் மூன்று பேர் இப்போது இல்லை. அன்புதான் செய்தது, அறியாமைதான் செய்தது என்று சொல்லி என்னைத் தேற்றாதீர்கள். வடை சுற்றினவனும் நான்தான், லமினேற் பண்ணினவனும் நான்தான்.

பெட்டிகளின் கதைக்கு வருகிறேன். அக்கா இருந்த வீட்டின் சொந்தக்காரர் கட்டடத்தைத் திருத்தப் போகிறார். வருகிற யூன் முப்பதோடு வீட்டை விட்டாக வேண்டும். யூலை முதலாந் திகதி இந்த நகரம் முழுவதும் கட்டிலையும் ஃபிரிட்ஜையும் தூக்கிக்கொண்டு வீடு மாறும். அக்காவின் நாற்பத்தொரு பெட்டிகளுக்கு மட்டும் போக இடமில்லை. சங்கத்தைக் கேட்டோம். சங்கம் இரண்டாகப் பிரிந்து பல வருடமாயிற்று. இரண்டு தரப்பும், மற்றத் தரப்பின் கண்ணில் படாமல் வைத்திருப்பதென்றால் எடுப்போம் என்றார்கள். பழைய செயலாளர் ஒருவர் தான் முன்பு தந்த கூட்டக் குறிப்புகளைத் திருப்பிக் கேட்டு வந்தார்.

"உம்மட அக்கா கேட்டதுக்காகத் தந்தனான். இப்ப அவ இல்லைத்தானே. தாரும், ரெண்டு பக்கத்தை மட்டும் எடுத்துப்போட்டுத் தாறன்."

"ஏன் அண்ணை, அந்த ரெண்டு பக்கத்திலை என்ன கிடக்கு?"

"நான் கதிரை எறிஞ்சது கிடக்கு."

கொடுக்கவில்லை. அவருக்கும் என்னுடன் கோபம். அவர் நாற்காலியைத் தூக்கி எறிந்த கூட்டத்தில்தான் தமிழ்ப் பள்ளிக்கூடம் தொடங்கத் தீர்மானம் எடுத்தார்கள். ஒன்றை வெட்டினால் மற்றதும் போய்விடும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் வீட்டு நிலவறையில் வைக்கலாமே என்பீர்கள். லவாலில் பனி கரையும்போது என் நிலவறையில் முழங்கால் மட்டும் தண்ணீர். கடைசியில் ஆரணி அக்கா வேலை செய்த காப்பகத்துக்கே எழுதினாள். அங்கே இப்போது எல்லோரும் புதியவர்கள். எங்களிடம் தமிழ் வாசிக்க ஆளில்லை, இடமும் குறைவு என்று கையை விரித்தார்கள். ரோசாவுக்குச் செய்தி போனது. ஓய்வுபெற்று அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்ட அவர் அவர்களுக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். அதன் பிறகு இறங்கி வந்தார்கள். ஒரு நிபந்தனை: பெட்டிக்குள் என்ன இருக்கிறது, படத்தில் யார் நிற்கிறார்கள் என்ற பட்டியல் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்க வேண்டும். பட்டியல் உள்ள பெட்டியை எடுப்பார்கள், இல்லாததை எடுக்கமாட்டார்கள்.

அக்கா இருபத்தாறு பெட்டிகளை முடித்து வைத்திருந்தார். மிச்சம் பதினைந்து.

மாதிரிக்கு ஒரு பெட்டியைக் கொண்டுபோனோம். முதல் பொங்கல் பெட்டி. ஒவ்வொரு படத்தின் மேலும் அக்கா மெல்லிய தாள் ஒன்றை வைத்து, தலைகளை வட்டமாகக் கீறி, எண் போட்டு, பெயர்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார். இரண்டு கிழமை கழித்து, காப்பகத்தில் வேலை செய்யும் பிள்ளையொன்று அதைப் பார்த்துப் பிரெஞ்சில் தயாரித்த பட்டியலை எங்கள் முன் வைத்தாள். ஆரணி எனக்கு வாசித்துச் சொன்னாள். பெயர் பெயராக எல்லோரும் வந்தார்கள். கதிரை எறிந்த செயலாளர்கூட மீசையோடு வந்தார். பிறகு ஆரணி பட்டியலைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள்.

"என்ன பிள்ளை?"

"அடையாளம் தெரியாத பெண். கையில் கேத்தல். கதவோரம்."

படத்தை வாங்கிப் பார்த்தேன். நாற்பத்துமூன்று பேர். நாற்பத்திரண்டு தலைகளுக்கு வட்டம். கதவோரம், சீலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டு, கையில் பெரிய தேத்தண்ணீர்க் கேத்தலோடு நிற்கும் பெண்ணுக்கு மட்டும் வட்டமில்லை. மற்றப் படங்களையும் புரட்டினேன். அதே பெண் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில். அதே பெண் பிள்ளைகளுக்குப் பின்னால், பாதி முகம். ஒன்றிலும் பெயரில்லை. அந்தக் காப்பகப் பிள்ளை கவனமாகத்தான் வேலை செய்திருக்கிறாள். "இதே பெண் பதினொரு படங்களில் காணப்படுகிறார். சமையல் உதவிக்கு அழைக்கப்பட்டவராக இருக்கலாம்" என்று குறிப்பும் எழுதியிருந்தாள்.

அந்த அமைதியான அறையில், ஆவணங்கள் நடுவில், எல்லோரும் திரும்பிப் பார்க்க நான் தமிழில் கத்திவிட்டேன். "அது என்ரை அக்கா! இந்தக் கந்தோரிலை பதினெட்டு வருஷம் இருந்தவ!" அந்தப் பிள்ளை பயந்துபோய் "பார்தோன், மெசியே, பார்தோன்" என்று மன்னிப்புக் கேட்டாள். அவள் என்ன செய்வாள், பாவம். ஆரணி என் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது அக்காவுடன்தான். இப்போதும் கோபம்தான். எங்கோ திராட்சைத் தோட்டத்தில் தொப்பி போட்டு நின்றவனுக்குப் பெயர் தேடக் கடிதம் எழுதினீர்கள். எங்கள் வீட்டுக் கலியாண அல்பத்தைப் பிரித்து என் மாமியாரின் பெயரைப் பென்சிலால் எழுதினீர்கள். உங்கள் தலைக்கு ஒரு வட்டம் கீற நேரமில்லையா அக்கா? ஏச வேண்டும்போல இருக்கிறது. யாரிடம் போய் ஏச?

ஆகவே உறவுகளே, நண்பர்களே, இந்த மலரில் வழமையான கடைசிப் பக்கம் கிடையாது. நன்றியைப் பெயர் சொல்லிச் சொல்கிறேன். மனஸ்தாபம் வருவதென்றால் வரட்டும். ஆசுப்பத்திரிக்கு நாள் தவறாமல் கஞ்சி கொண்டுவந்தவர் கீழ்மாடி யோகம்மா. செத்தவீட்டன்று பனிமழையில் எல்லோரையும் ஏற்றி இறக்கியவர் பஸ் ஓடும் சிறி அண்ணை. கடைசி இரண்டு நாள் அக்காவின் காலைப் பிடித்துவிட்டவர் தாதி மிரெய். எங்களுக்காகக் கடிதம் எழுதியவர் ரோசா. விட்டுப்போனவர்கள் இருந்தால் எனக்குப் போன் எடுத்து ஏசுங்கள். அப்போதாவது பெயர் தெரியவரும்.

இந்த மலரோடு ஒரு பென்சில் இணைத்திருக்கிறேன். அடுத்து வரும் பன்னிரண்டு பக்கங்களிலும் மிச்சப் பதினைந்து பெட்டிகளில் எங்களுக்கு ஆள் தெரியாத படங்கள் இருக்கின்றன. தலைகளுக்கு ஆரணி எண் போட்டிருக்கிறாள், கீழே கோடு விட்டிருக்கிறாள். தெரிந்த பெயரை எழுதுங்கள். முழுப்பெயர். "எங்கட ஆக்கள்" என்று எழுதாதீர்கள். பேனாவால் எழுதாதீர்கள். தயவுசெய்து லமினேற் பண்ணாதீர்கள். எழுதி இன்றைக்கே, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வாசலில் நிற்கும் ஆரணியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் பேந்து என்பீர்கள். யூன் முப்பதுக்கு அதிக நாளில்லை.

மாதிரிக்காக முன்னால் போட்டிருக்கும் முதல் பொங்கல் படத்தை மட்டும் நான் நிரப்பிவிட்டேன். நாற்பத்துமூன்றாவது வட்டத்தை என் கையால் கீறினேன். வட்டம் கோணல். பிறந்த நாள் தொட்டு நான் வாயால் ஒரு தடவையும் சொல்லாத பெயர். மூத்தவரை எப்படிப் பெயர் சொல்வது? எழுத்துக்கு எழுத்து யோசித்துத்தான் எழுதினேன்.

43. கதவோரம், கையில் கேத்தலுடன் நிற்பவர்: செல்லத்துரை விமலேஸ்வரி, ஆவணக் காப்பாளர். படத்தில் உள்ள மற்ற எல்லோருடைய பெயரையும் எழுதியவர்.